இடதுகைத் தையல் கத்தரி: ஒரு வருஷம் வெட்டிய பிறகு எழுதுகிறேன்

திருமங்கலத்தில் 27 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். இந்தக் கத்தரியை ஆசைப்பட்டு வாங்கவில்லை, வேறு வழியில்லாமல் வாங்கினேன். போன வருஷம் தீபாவளிக்கு 24 நாள் இருக்கும்போது, கொல்லையில் துவைக்கிற கல் பக்கம் பாசி வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. முழங்கைக்குக் கீழிருந்து விரல் கணு வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

அன்றைக்குக் கடையில் 63 ஜாக்கெட் துணி கிடந்தது. மிஷினில் உட்கார இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். கொக்கி, ஹெம்மிங் எல்லாம் வெளியே கொடுத்துவிடுவேன். வெட்டுவது மட்டும் நான்தான். தைப்பில் தப்பு வந்தால் பிரித்துத் தைக்கலாம், வெட்டில் தப்பு வந்தால் துணி போச்சு. அதிலும் பட்டுப்புடவையோடு வரும் துணிக்கு மறுதுணி கிடையாது. அதனால் கத்தரியை இத்தனை வருஷத்தில் யார் கையிலும் கொடுத்ததில்லை. என் தங்கச்சி மகள் நாலு வருஷமாக என்னிடம் வேலை பழகுகிறாள். அவளுக்குப் பிறவியிலேயே இடதுகைப் பழக்கம். அவள் வெட்டினால் ஓரம் பல் பல்லாக வரும். லைனிங் துணியைத் தாண்டி அவளிடம் நான் எதுவும் கொடுத்ததில்லை.

கட்டுப் போட்ட மறுநாளே என்னுடைய பழைய கத்தரியை நொட்டாங்கையில் எடுத்துப் பார்த்தேன். டூ பை டூ ரூபியா என்கிற ஜாக்கெட் துணியில் ஒரு துண்டு. கத்தரி மூடுகிறது, துணி வெட்டுப்படவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து, மென்ற மாதிரி வெளியே வந்தது. நாலு தடவை முயன்றேன், நாலு தடவையும் அப்படித்தான். நொட்டாங்கைக்கு வெட்ட வரவில்லை என்றே நினைத்தேன். இரவு படுத்திருந்தபோது அழுகை வந்தது. கை வலியை விட அந்த 63 துணிதான் மனதில் கிடந்தது.

மகள் பிசியோதெரபி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போனில் சொன்னதும், "அம்மா, அது வலதுகைக் கத்தரி. உன் கை மேல தப்பில்ல," என்றாள். கத்தரியில் கை உண்டு என்பது இத்தனை வருஷம் வெட்டியும் எனக்குத் தெரியாது. தையல்காரர்கள் பலருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதனால் அதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கத்தரியை வெட்டுகிற மாதிரி, நுனி நம்மை விட்டு அப்பால் பார்க்கப் பிடியுங்கள். மேலலகு கீழலகுக்கு வலப்பக்கம் இருந்தால் அது வலதுகைக் கத்தரி. இடப்பக்கம் இருந்தால் இடதுகைக் கத்தரி. தலைகீழாகப் புரட்டிப் பிடித்தாலும் இது மாறாது. உங்கள் வீட்டில் இருப்பதைப் புரட்டிப் பாருங்கள். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கத்தரியை மூடும்போது கட்டைவிரல் தன்னையறியாமல் வெளிப்பக்கம் தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். சோத்துக்கையில் வலதுகைக் கத்தரி இருந்தால் இந்தத் தள்ளலும் இழுப்பும் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும். அதே கத்தரி நொட்டாங்கைக்குப் போனால் அதே தள்ளல் அலகுகளை விலக்கும். விலகிய இடுக்கில் துணி போய் மடங்கும். இன்னொன்று, கோடு தெரியாது. வலதுகைக் கத்தரியை இடதுகையில் பிடித்தால் மேலலகு சாக்பீஸ் கோட்டை மறைத்துவிடும். எட்டிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். கழுத்து வளைவை எட்டிப் பார்த்து வெட்ட முடியுமா?

சரி, இடதுகைக் கத்தரியே வாங்கிவிடலாம் என்று ஆன்லைனில் ஒன்று வரவழைத்தோம். நாலாம் நாள் வந்தது. பெட்டியில் "இடதுகைக்கு உகந்தது" என்று பெரிதாகப் போட்டிருந்தது. பிடி மட்டும்தான் இடதுகைக்கு வளைத்திருந்தார்கள், கட்டைவிரல் போகும் வளையத்தை மாற்றி வைத்திருந்தார்கள். அலகு பழைய அலகேதான், மேலலகு வலப்பக்கம். துணி அதே மாதிரி மென்று வந்தது. திருப்பி அனுப்பிப் பணம் வாங்க ஒன்பது நாள் ஆனது. தீபாவளி நேரத்தில் நாலு நாளை வீணாக்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. இடதுகைக் கத்தரி என்று எங்கே பார்த்தாலும் முதலில் மேலலகைப் பாருங்கள், பிடியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அப்புறம் பஸ் ஏறி மதுரை போனேன். விளக்குத்தூண் பக்கம், தையல் சாமான் மட்டும் விற்கிற சின்னக் கடை. நூல், பாபின், கொக்கி எல்லாம் அங்கேதான் எடுப்பேன். கடைக்கார அண்ணாச்சி கட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா கத்தரி? உங்களுக்கா?" என்றார். சொன்னேன். பரணில் இருந்து எண்ணெய்த் தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை இறக்கினார். "வருஷத்துக்கு ரெண்டு போகும், மூணு போகும். கேட்டு வர்றவங்க வேற எங்கயும் கிடைக்காமத்தான் வர்றாங்க," என்றார். உத்தரப் பிரதேசத்து மீரட் சரக்கு. பிராண்டு பெயர் எதுவும் பொறிக்கவில்லை. மீரட்டில் 300 வருஷத்துக்கு மேலாகக் கத்தரி செய்கிறார்கள். அந்தக் கத்தரிக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பழைய வண்டி ஸ்பிரிங் போன்ற கழிவு எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தட்டி அலகு செய்வது அந்த ஊர் வழக்கம். என்னுடைய பழைய வலதுகைக் கத்தரியும் அந்த ஊர்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும்.

பத்து அங்குலம். கிட்டத்தட்ட அரைக் கிலோ கனம். பிடி கறுப்புப் பெயின்ட், அலகு பளபளவென்று. விலை 1,180 ரூபாய். அதே அளவு வலதுகைக் கத்தரி அதே கடையில் 850. 330 ரூபாய் கூட. குறைவாக ஓடுகிற சரக்கு என்பதால் அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் வாங்கினேன்.

வாங்குமுன் அண்ணாச்சி ஒரு பரிசோதனை செய்யச் சொன்னார். மெல்லிய மல் துணியை நனைத்துப் பிழிந்து, அலகின் நுனியால் மட்டும் வெட்ட வேண்டும். நுனி வரை சுத்தமாக வெட்டினால்தான் கத்தரி. அலகு இரண்டும் தட்டையாக ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். வெட்டுகிற அந்த ஒரு புள்ளியில்தான் அலகுகள் தொட வேண்டும், அந்தப் புள்ளி அடியிலிருந்து நுனிக்கு ஓட வேண்டும். இதெல்லாம் நான் பழகுநராக இருந்தபோது கேட்டது. மறந்தே போயிருந்தேன்.

கடையில் நின்றபடியே நொட்டாங்கையில் முதல் வெட்டு வெட்டினேன். சரக்கென்று போனது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். 27 வருஷமாக என் சோத்துக்கை போடுகிற சத்தம் அது. கடை என்றும் பார்க்காமல் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் பழைய வேட்டி, கிழிந்த உள்பாவாடை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டினேன். பேப்பரில் பழகலாமே என்று சிலர் சொன்னார்கள். துணி வெட்டும் கத்தரியைப் பேப்பரில் போட்டால் கூர் போய்விடும், அது கூடவே கூடாது.

நொட்டாங்கைக்கு எது தெரிந்திருந்தது, எது தெரியவில்லை என்று பார்ப்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அலகை முழுதாக மூடாமல் முக்கால்வாசி மூடி, திறந்து, முன்னே நகர்த்த வேண்டும். முழுதாக மூடினால் ஒவ்வொரு மூடலுக்கும் ஒரு பல் விழும். இதைச் சொல்லிக்கொடுக்க நான் எத்தனை பேரிடம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்! நொட்டாங்கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முதல் நாளே அது தானாக முக்கால்வாசியில் நின்றது. வளைவு வரும்போது வேகம் குறைவது, அர்க்காத்து என்கிற சின்ன வெட்டுக்கு ஒரு நூல் முன்னே நிற்பது, அதெல்லாம் அங்கேயும் இருந்தது. நடுக்கம் இருந்தது, அரை மணி நேரத்தில் கட்டைவிரலின் அடிச்சதை வலித்தது. ஆனால் வேலை தெரிந்த கையாக இருந்தது.

ஆர்ம்ஹோல், அதாவது கை இணைக்கிற இடத்து வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோத்துக்கையில் வெட்டும்போது எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் சுற்றி வருவேன். நொட்டாங்கையிலும் அதே திசையில் சுற்றப் பார்த்தேன், வளைவு கோணிக்கொண்டு போனது. பேட்டர்னைப் புரட்டிப் போட்டு, முள் சுற்றுகிற திசையில் வெட்டிப் பார்த்தேன். வெண்ணெயாகப் போனது. நொட்டாங்கைக்குத் தெரிந்திருந்தது என் வளைவின் கண்ணாடிப் பிம்பம். அன்று முதல் மடிப்புத் துணியைப் போடும் பக்கத்தை மாற்றிக்கொண்டேன். மேசையையும் திருப்ப வேண்டியிருந்தது. ட்யூப் லைட் இடப்பக்கச் சுவரில் இருந்ததால், நொட்டாங்கையின் நிழல் சரியாகக் கோட்டின் மேல் விழுந்தது.

அளவு நோட்டிலும் இதே கதை. நொட்டாங்கையில் மார்புச் சுற்றளவு 38 என்று எழுதினால் 3 திரும்பி நிற்கும். எழுதும்போது சரியாகத்தான் எழுதுகிறோம் என்றே தோன்றும். எழுத்து கோணலாக, நடுங்கி இருந்தாலும் அது என் எழுத்துத்தான். சீட்டைப் பார்த்த ஒரு வாடிக்கைக்காரம்மா, "டெய்லரக்கா, கை ஒடிஞ்சும் நீங்களேதான் எழுதுறீங்களா?" என்றார். ழகரத்தின் வாலை நான் இழுக்கிற இழுப்பை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

தெரியாமல் போனது ஒன்று உண்டு, அது வந்த இடம் வேறு. இத்தனை வருஷமும் நொட்டாங்கை சும்மா இருக்கவில்லை. துணியைத் தட்டையாக அமுக்கி, கத்தரி முன்னேற முன்னேறச் சற்றே தள்ளிக் கொடுத்து, சுருக்கம் வராமல் பார்த்தது அதுதான். இப்போது அது வெட்டப் போய்விட்டது, அமுக்கிப் பிடிக்க ஆளில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த வலது விரல் நுனிகளால் முயன்றேன். வலியை விடுங்கள், அந்த விரல்களுக்கு அந்த வேலையே தெரியவில்லை. எப்போது தளர்த்த வேண்டும், எப்போது அமுக்க வேண்டும் என்று புரியாமல் துணியை இழுத்துவிட்டன. கடைசியில் மளிகைக் கடையில் இரண்டு எடைக்கல் இரவல் வாங்கி, துணி மேல் வைத்து வெட்டினேன். மகளிடம் சொன்னபோது, அமெரிக்காவில் ராபர்ட் செயின்பர்க் என்பவர் இதையே ஆராய்ந்திருக்கிறார் என்றாள். வலதுகைப் பழக்கக்காரர்களுக்கு வலது கை ஓட்டத்திலும் இடது கை நிலையாகப் பிடித்து நிற்பதிலும் தேர்ச்சி பெறுகிறது, ஒன்று கெட்டி ஒன்று மட்டம் என்பதில்லை என்று அவர் சொல்கிறாராம். நான் அதை எடைக்கல் வைத்துத் தெரிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது மகள் இன்னொன்றும் வாசித்துக் காட்டினாள். அதை நான் மறக்கவே மாட்டேன். 1894இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் என்பவர் நடத்திய சோதனை. ஒரு பெண் ஊசியைச் சின்னத் துளைக்குள், விளிம்பில் படாமல் நுழைக்க வேண்டும். முதலில் இடது கையில் 100க்கு 50 தடவை சரியாக நுழைந்தது, வலது கையில் 60. பத்து நாள் வலது கைக்கு மட்டும் பயிற்சி. வலது கை 88க்கு ஏறியது. அந்தப் பத்து நாளும் ஊசியைத் தொடாத இடது கையை மறுபடி சோதித்தால் 76. பயிற்சி இல்லாமலே 50இலிருந்து 76! அவர்களே இதற்குக் குறுக்குப் பயிற்சி என்கிற மாதிரி ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். வலது கையைப் பெரும்பாலும் மூளையின் இடப்பாதி ஆட்டுகிறது, இடது கையை வலப்பாதி. இரண்டு பாதிக்கும் நடுவே தடித்த நரம்புப் பாலம் ஒன்று இருக்கிறது. ஒரு கை பழகும்போது மற்றப் பாதியும் முழுதாகத் தூங்குவதில்லை, பழகியதில் கையோடு ஒட்டாத பங்கும் உண்டு என்று விளக்கினாள். ஊசியை வைத்துச் செய்த சோதனை என்பதால்தான் எனக்குச் சட்டென்று பிடிபட்டதோ என்னவோ. நொட்டாங்கையில் நூல் கோத்துப் பார்த்தேன். மூன்றாவது முயற்சியில் போனது.

பன்னிரண்டாம் நாள் முதல் ஜாக்கெட் வெட்டினேன். முதலில் லைனிங், பிறகு சாதாரணப் பருத்தி, அப்புறம்தான் பட்டு. தீபாவளிக்குள் 41 முடித்தேன். மீதியைப் பக்கத்துத் தெருவில் எனக்குத் தெரிந்த தையல்காரம்மாவிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். நான் வெட்டியதில் ஒன்றுகூடப் பாழாகவில்லை. சோத்துக்கையில் ஒரு ஜாக்கெட் வெட்ட எனக்குப் பதினைந்து நிமிஷம். அப்போது முக்கால் மணி நேரம் ஆனது.

துணியை வாடிக்கைக்காரர்கள் கையில் கொடுப்பதுதான் சங்கடமாக இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக நொட்டாங்கையில் நீட்டுகிறேன். ஒரு பாட்டி, "மேசை மேல வையி தாயீ, நான் எடுத்துக்கிறேன்," என்றார். வயசானவங்க, மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற என் தங்கச்சி மகளின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவளுக்கு அது ஒரு நாள் சங்கதியாக இருந்ததில்லை.

கட்டுப் பிரிக்கிற வரை என்னைச் சும்மா இருக்க விடவில்லை பிசியோதெரபி அம்மா. வாரம் மூன்று நாள், இடது கையால் ரப்பர் பந்தை இறுகப் பிடித்து விடச் சொன்னார். "கட்டுப் போட்ட கை ஒண்ணு, பயிற்சி இன்னொண்ணுக்கா?" என்று கேட்டேன். அப்போதுதான் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழக ஆய்வைச் சொன்னார், 2013இல் வந்தது. மணிக்கட்டு முறிந்த, 50 வயது தாண்டிய பெண்கள். ஒரு சாராருக்கு நல்ல கையில் பிடிப் பயிற்சி கொடுத்தார்கள். 12ஆம் வாரம் பார்த்தால், அவர்களுடைய முறிந்த கையின் பிடி வலு சராசரி 17.3 கிலோ. பயிற்சி இல்லாதவர்களுக்கு 11.8. மணிக்கட்டை மடக்குவதும் நிமிர்த்துவதும்கூட அவர்களுக்குக் கூடுதலாக வந்தது. 26ஆம் வாரம் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள், பயிற்சி செய்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வருகிறார்கள். தையல்காரிக்கு அந்தச் சீக்கிரம்தான் சோறு. எனக்கு வயது 51, நானும் அந்தக் கூட்டம்தான்.

பந்தை விட இந்தக் கத்தரியே எனக்குப் பெரிய பயிற்சியாக அமைந்தது. அரைக் கிலோவைத் தினம் நாலு மணி நேரம் திறந்து மூடினால் கைக்கு வேறென்ன வேண்டும்? கட்டுப் பிரித்த அன்று சோத்துக்கை வற்றிப்போய், தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. பிடி வலு அளக்கிற கருவியில் 8 கிலோ காட்டியது, நொட்டாங்கை 24. பதின்மூன்றாம் வாரம் சோத்துக்கை 16 வந்தது. பயிற்சியால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா என்று ஒரு கையை வைத்துச் சொல்ல முடியாது. பயிற்சியை விடாமல் செய்தேன் என்ற திருப்தி இருக்கிறது.

இனி தங்கச்சி மகள் கதை.

எனக்குக் கட்டுப் பிரித்ததும் இந்தக் கத்தரியை அவளிடம் கொடுத்தேன். பிறவி இடதுகைக்காரி, பிய்த்து உதறப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். துணி மென்று வந்தது! வலதுகைக் கத்தரியை நான் நொட்டாங்கையில் பிடித்த முதல் நாள் எப்படி வந்ததோ அதே மாதிரி. அவள் முகம் செத்துப்போனது. "பெரியம்மா, எனக்கு இதுலயும் வரல," என்றாள்.

அவள் கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலின் உள்பக்கம், கணுவுக்குக் கீழே, காய்ப்பு. எனக்கு அந்த இடத்தில் காய்ப்பு கிடையாது. மெதுவாகத் திறந்து மூடச் சொல்லிக் கட்டைவிரலையே கவனித்தேன். வெளியே தள்ள வேண்டிய விரல் உள்ளே இழுத்தது. அப்போதுதான் புரிந்தது. வலதுகைக் கத்தரியின் அலகுகள் அவள் கையில் விலகிவிடும் என்பதால், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கக் கட்டைவிரலை எதிர்ப்பக்கம் வலிந்து இழுக்க அவளே பழகியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் காகிதம் வெட்டிய நாளிலிருந்து. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தப்பான கருவியில் தானாக ஒரு வித்தையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அந்த வித்தையோடு சரியான கத்தரியைப் பிடித்தால் அது அலகுகளைப் பிரிக்கிறது. இந்த நாலு வருஷத்தில் அவளை நான் எத்தனை தடவை "நொட்டாங்கை வேலை" என்று திட்டியிருப்பேன்! பல் பல்லாக வந்த அந்த ஓரம் என் கத்தரியின் குறை. அந்தக் கத்தரியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வெட்டியதே அவளுடைய கெட்டிக்காரத்தனம். அன்றே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியம்மா மன்னிப்புக் கேட்டதும் அவள்தான் அழுதாள்.

எட்டு நாள் ஆனது அவளுக்கு. "கட்டைவிரலை விட்டுரு, அது பாட்டுக்குப் போகட்டும்," என்பதைத் தவிர நான் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் முன்கழுத்து வளைவை ஒரே ஓட்டத்தில் வெட்டினாள். அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு பல் இல்லை.

20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலைச் சேர்த்து 2020இல் வந்த கணக்கில், இடதுகைக்காரர்கள் 100க்கு 10.6 பேர். பத்துப் பேரில் ஒருவர். டெய்லரிங் வகுப்பு நடத்துகிறவர்கள் தயவு செய்து ஒரு இடதுகைக் கத்தரியாவது வாங்கி வையுங்கள். உங்கள் வகுப்பில் வெட்டு வராது என்று நீங்கள் கைவிட்ட பிள்ளை எந்தக் கையில் பிடித்தாள் என்று யோசித்துப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. வளையத்தின் உள்விளிம்பு சொரசொரப்பாக இருக்கிறது, பெயின்ட்டுக்கு முன் சரியாக ராவவில்லை. இரண்டாம் நாளே விரல் கன்றிப்போனது. மிஞ்சிய கிராஸ் பட்டியை வளையத்தில் இறுகச் சுற்றி இரண்டு தையல் போட்டுவிட்டேன், இப்போது மெத்தென்று இருக்கிறது. கட்டைவிரல் வளையம் சின்னது. கை தடித்தவர்கள் போட்டுப் பார்த்து வாங்குங்கள். நடுத்திருகு மாதம் ஒரு முறை தளர்கிறது. இறுக்கி, ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் நாலு வெட்டு வெட்டித் துடைத்த பிறகுதான் நல்ல துணிக்குப் போக வேண்டும். மெல்லிய ஷிபான், ஜார்ஜெட்டுக்கு இந்தக் கனம் சரிப்படாது, அதற்கு எட்டு அங்குலம் இருந்தால் வாங்குங்கள்.

சாணை பிடிப்பதுதான் பெரிய தலைவலி. சைக்கிளில் வந்த சாணைக்காரர் ஒருவரிடம் கொடுத்தேன். இடதுகைக் கத்தரி என்று சொல்லியும், வழக்கமான கத்தரியைச் சாய்க்கிற மாதிரியே கல்லில் சாய்த்துவிட்டார். அலகின் சரிவு எதிர்ப்பக்கம் இருக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. கூர் போட வந்து இருந்த கூரும் போனது. மதுரைக்குக் கொண்டுபோய் அண்ணாச்சி கடை மூலமாகக் கொடுத்து மீட்டேன், 120 ரூபாய். இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கேதான். வீட்டுப் பக்கத்தில் கொடுப்பதானால், அவர் கல்லைச் சுற்றுவதற்கு முன்பே சரிவு எந்தப் பக்கம் என்று அவரிடம் காட்டிவிடுங்கள்.

கை ஒடிந்தவர்களுக்கு இதைச் சொல்வேன்: வாங்கிய அன்றே பட்டுத் துணியை எடுத்து வைக்காதீர்கள். பழந்துணி மூன்று நாள், லைனிங் நாலு நாள் கொடுங்கள். டாக்டரைக் கேட்காமல் கட்டுப் போட்ட கையை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். துணியை அமுக்க எடைக்கல் போதும். பிறவி இடதுகைக்காரர்கள் முதல் வாரம் வரவில்லை என்று கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், கட்டைவிரல் பழசை மறக்க அவகாசம் கொடுங்கள்.

எனக்கு இப்போது சோத்துக்கை முக்கால் பங்கு தேறிவிட்டது. ஒரு மணி நேரம் தொடர்ந்து வெட்டினால் மணிக்கட்டு இறுகும். அப்போது கத்தரியையும் கையையும் மாற்றிக்கொள்வேன். அதனால் நொட்டாங்கைக் கத்தரியைத் தங்கச்சி மகளும் நானும் மாறி மாறிக் கேட்க ஆரம்பித்தோம். இந்தத் தீபாவளி நெருக்கடிக்கு முன்னால் இரண்டாவது ஒன்று வாங்க, அவளையும் கூட்டிக்கொண்டு மதுரை போனேன்.

"கைதான் சரியாயிருச்சே, பின்ன யாருக்கும்மா?" என்றார் அண்ணாச்சி. அவளைக் காட்டினேன். எண்ணெய்த் தாளைப் பிரித்து, மேலலகு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்தாள். மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஈர மல் துணியை நுனியால் ஒரு வெட்டு வெட்டினாள். திருப்பி நீட்டி, "திருகை ஒரு கால் சுத்து இறுக்கிக் குடுங்க அண்ணாச்சி," என்றாள்.